பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்த சீட்டு

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணி தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெல்டிங் பட்டறையின் வாடகை ரசீதுகள், எல்.ஐ.சி. பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் நகல்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிப்போன ஒரு பாஸ்போர்ட். அதன் நடுவில் நான்காக மடித்த ஒரு பரிசோதனைச் சீட்டு இருந்தது. 2003-ம் ஆண்டுத் தேதி. கண் பார்வை, ரத்த அழுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் எதிரே 'நார்மல்' என்று டைப் செய்திருந்தார்கள். ஒரு வரிக்கு எதிரே மட்டும் 'ரியாக்டிவ்'. கீழே சாய்வாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'அன்ஃபிட்'.

அந்த ஒரு வரியின் பெயர் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாடுகள் கட்டாயமாக்கியிருக்கும் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் 'மெடிக்கல் போயிடுச்சு' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. என் பெரியப்பா மகனான இந்த அண்ணனுக்கு 35 வயதில் மெடிக்கல் போயிற்று. ஏஜென்ட் சொன்னது இவ்வளவுதான்: "ஈரல்ல ஏதோ காமாலைக் கிருமி இருக்காம். கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து ஒரு மண்டலம் குடிச்சிட்டு வாங்க, மறுபடி பாத்துக்கலாம்." அண்ணன் 48 நாளும் குடித்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரில் மஞ்சள் இல்லை, பசியும் நன்றாக எடுத்தது. குணமாகிவிட்டது என்றே நம்பினார். ஏஜென்ட்டிடம் கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை. இன்னொரு முறை மெடிக்கலுக்குப் போகக் கையில் காசும் இல்லை. ஊரிலேயே பட்டறை போட்டார். 2019-ல், வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் ஒன்பது சென்டிமீட்டர் அளவில் கட்டி. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். அண்ணன் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. அண்ணி பதில் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோனார். "வெளியில குடிச்சிருப்பாரு, வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று திண்ணையில் ஒருவர் சொன்னதும் அவர் காதில் விழுந்தது. ஈரல் கெட்டால் குடி, நுரையீரல் கெட்டால் பீடி என்பது நமக்குள் ஊறிப்போன கணக்கு. மது ஈரலைக் கெடுக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வைரஸ் இருக்கிற ஈரலை இன்னும் வேகமாகவே கெடுக்கும். ஆனால், குடிக்காதவருக்கு ஈரலில் ஒன்றும் வராது என்ற நம்பிக்கை அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. அண்ணனும் அப்படித்தான் நம்பினார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

இன்னொரு சொல்லும் நம்மை ஏமாற்றியிருக்கிறது. 'காமாலை' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல நோய்கள். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் கண்ணை மஞ்சளாக்கும், வாந்தி வரவைக்கும், ஆளைப் படுக்க வைக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பத்தியம் இருந்தவரும் தேறுவார், மந்திரித்தவரும் தேறுவார், ஒன்றும் செய்யாதவரும் தேறுவார். காமாலை வந்து போகும் என்ற நினைப்பு நமக்கு வந்தது இவற்றைப் பார்த்துத்தான். ரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிற பி வைரஸும், பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகப் பரவுகிற சி வைரஸும் வேறு சாதி. அவை பலருக்கு மஞ்சளே காட்டாமல் உள்ளே நுழைந்து, பத்து, இருபது, நாற்பது ஆண்டு குடியிருக்கும். ஈரலுக்குள் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதன் மேலுறை இழுபடும்போதுதான் வலிக்கும். அந்த வலி வரும்போது கட்டி பெரிதாகியிருக்கும்.

பி வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை உலகுக்கு எண்ணிக் காட்டியது தைவான். பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களில் தைவானில் 22,707 ஆண்களை, பெரும்பாலும் அரசு ஊழியர்களை, ரத்தம் எடுத்துப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். அவர்களில் 3,454 பேர் பி வைரஸைச் சுமந்தவர்கள். 1981-ல் 'லான்செட்' இதழில் அவரது குழு முதல் முடிவை வெளியிட்டது. அதுவரை கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். வைரஸ் உள்ளவருக்கு ஈரல் புற்று வரும் ஆபத்து மற்றவரைவிட 223 மடங்கு. புகைப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் ஆபத்தைப் பொதுவாக 15 முதல் 30 மடங்கு என்பார்கள். பீடிக்கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் அச்சடிக்க வைத்த நாம், இந்த 223 மடங்கைப் பற்றி ஒரு பேருந்து நிலையச் சுவரில்கூட எழுதிவைத்ததில்லை. 1994-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பி, சி இரண்டு வைரஸ்களையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இரண்டும் புற்றை உண்டாக்கும் விதம் வேறு. பி வைரஸ், ஈரல் செல்லின் உட்கருவுக்குள் போய், தன் மரபுப் பொருளை ஒரு வளையமாக அங்கே விட்டுவைக்கிறது. நாம் இன்று கொடுக்கும் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துமே தவிர, அந்த வளையத்தைப் பிடுங்கி எறியாது. அதோடு, வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே இடையிடையே செருகிக்கொள்ளும். செல் எத்தனை முறை பிரியலாம் என்ற கடிவாளத்தைப் பிடித்திருக்கும் மரபணுவின் அருகே அப்படி ஒரு துண்டு விழுந்தால் கடிவாளம் அறுந்துபோகிறது. அதனால்தான் பி வைரஸ் உள்ள சிலருக்கு, ஈரல் சுருங்காமல் இருக்கும்போதே புற்று வந்துவிடுகிறது. சி வைரஸ் நம் டி.என்.ஏ.வில் நுழைவதில்லை. அது ஈரலை ஓயாமல் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பின் மேல் தழும்பு ஏறி ஈரல் கல்லாக இறுகும். இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை அந்த ஈரல் சுருக்க நிலைக்குப் போகிறார்கள். அந்த நிலையை அடைந்தவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பேருக்குப் புற்று வருகிறது. இடையில் ஒரு வார்த்தை: நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கிற ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சான அஃப்ளடாக்சின், பி வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. கசந்த கடலையைத் துப்பிவிடு என்று நம் பாட்டிமார் சொன்னது சரிதான்.

2022-ல் உலகில் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸோடும், 5 கோடிப் பேர் சி வைரஸோடும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் பி வைரஸ் உள்ளவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர். சி வைரஸ் உள்ளவர்கள் 55 லட்சம் பேர். சீனாவுக்கு அடுத்த பெரிய சுமை நம்முடையது. உலக அளவில் பி வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தமக்கு அது இருப்பதே தெரிந்திருந்தது.

இந்தக் கடைசிக் கணக்கில் நின்று யோசிக்க வேண்டும். தெரியவில்லை என்றதும், பரிசோதனை வசதி இல்லாததால் என்றுதான் நினைக்கத் தோன்றும். நம் ஊரில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. சோதனை நடக்காத நாளே கிடையாது. ரத்த வங்கியில் தானமாக வரும் ஒவ்வொரு பைக்கும் அது சட்டப்படி கட்டாயம். கர்ப்பிணிகளுக்குச் செய்கிறார்கள். கண்புரை முதல் குடலிறக்கம் வரை அறுவைச் சிகிச்சைக்கு முன் செய்கிறார்கள். வளைகுடா மெடிக்கலில் செய்கிறார்கள். ஆனால் இவற்றில் எதுவும் பரிசோதிக்கப்படுகிறவருக்காகச் செய்யப்படுவதில்லை. ரத்த வங்கி, அந்த ரத்தத்தைப் பெறப்போகிறவருக்காகச் சோதிக்கிறது. 'ரியாக்டிவ்' என்று வந்தால் பையை அழித்துவிடுவதோடு அதன் முதல் வேலை முடிந்துவிடுகிறது. அறுவை அரங்கில், மருத்துவரின் பாதுகாப்புக்காக. இரட்டைக் கையுறை போட்டுக்கொள்கிறார்கள், அன்றைய பட்டியலில் கடைசி ஆளாகத் தள்ளிவைக்கிறார்கள். வளைகுடாவில், வேலை கொடுக்கும் நாட்டுக்காக. கர்ப்பத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்காக. குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு தாயின் ஈரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரத்தம் கொடுத்தவர் தன் ஈரலுக்காக எங்கே போக வேண்டும் என்ற ஒரு வரி இந்தச் சீட்டுகள் எதிலும் இருப்பதில்லை.

என் அண்ணன் விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் இதுதான். 2003-லேயே ஒரு இயந்திரம் அவருக்கு வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தது. பதினாறு ஆண்டுகள் அந்தத் தகவல் அவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் வீட்டில் நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதமே நடக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் அவரிடம் பேசவில்லை.

அந்தப் பதினாறு ஆண்டுகளில் என்ன செய்திருக்கலாம்? பி வைரஸ் உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, ஈரல் என்சைம் எவ்வளவு, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். தேவைப்படுகிறவருக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒரு மாத்திரை. வைரஸ் அடங்கினால் ஈரல் சுருங்குவதும் குறைகிறது, புற்று வரும் வாய்ப்பும் குறைகிறது. மாத்திரை தேவைப்படாதவருக்கும் கண்காணிப்பு உண்டு. ஆசியர்களில் வைரஸ் உள்ள ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும், பெண்களுக்கு 50 வயதிலிருந்தும், ஈரல் சுருக்கம் இருந்தால் எந்த வயதாக இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனையும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஏன் ஆறு மாதம்? ஈரலில் முளைக்கும் புற்றுக்கட்டி இரு மடங்காக வளர எடுத்துக்கொள்ளும் காலம் பெரும்பாலும் சில மாதங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டரில் பிடித்துவிடலாம். அந்த அளவில் வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சுட்டுவிடலாம், ஈரல் மாற்றுக்கும் வழி இருக்கும். அண்ணனுக்கு 40 வயதானது 2008-ல். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்கேன்கள். எங்கள் ஊரில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் இயந்திரம்தான். அதில் ஒன்றுகூட அவருக்கு எடுக்கப்படவில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் கேலிசெய்ய எனக்கு விருப்பமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் தடத்தை முதன்முதலில் கண்டவர் பரூக் பிளம்பெர்க். அவர் அப்போது காமாலைக் கிருமியைத் தேடிப் போகவில்லை. மனிதர்களின் ரத்தத்தில் உள்ள வேறுபாடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். 1960-களின் தொடக்கத்தில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்திலிருந்த ஏதோ ஒரு புரதத்தோடு வினைபுரிந்தது. அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் இன்று ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று நம் சீட்டுகளில் அச்சாவது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம். அந்த பிளம்பெர்க்கும், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ்.பி.தியாகராஜனும் சேர்ந்து, கீழாநெல்லி இனத்துச் செடியின் பொடியைச் சென்னையில் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் 'லான்செட்'டில் வந்த அந்த ஆய்வில், பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் இது யாருக்கும் இழுக்கு இல்லை. ஒரு நல்ல கேள்வியை எழுப்பி, சோதித்து, பதிலை ஏற்றுக்கொள்வதுதான் முறை. நம் தவறு, 1988-ன் செய்தியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அதற்குப் பின் வந்ததைக் கேட்காமல் விட்டது. கீழாநெல்லி குடிப்பவர் குடிக்கட்டும். குடித்த பிறகு ரத்தச் சோதனைக்கு வராமல் இருந்துவிடுவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

இனி, இந்தப் புற்றை வேரிலேயே நிறுத்தும் இடத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு பி வைரஸ் தொற்றினால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடலே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்கு 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். பச்சைக் குழந்தையின் உடலுக்கு வைரஸை அந்நியன் என்று இனங்காணத் தெரியாது. அதனால், நாற்பது வயதில் வருகிற ஈரல் புற்று பலருக்குப் பிரசவ அறையிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. அண்ணனின் தாயான என் பெரியம்மா 1994-ல் வயிறு வீங்கி, கால் வீங்கி, ரத்தவாந்தி எடுத்து இறந்தார். 'மகோதரம்' என்றார்கள். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடித்தறியாத பெண்மணி. அவர் ஐந்து பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றார்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, பிறகு தொடரும் டோஸ்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது போதும், அந்த விதை விழாமல் தடுக்க. தாய்க்கு வைரஸ் இருப்பது தெரிந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் உடனே போட வேண்டும். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் கொடுக்க வேண்டும். தைவான் 1984-ல் வைரஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுள்ளவர்களில் ஈரல் புற்று 1980-களின் முற்பகுதியில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது. 1990-க்கும் 1994-க்கும் இடையில் 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்துக் காட்டியது மனித வரலாற்றில் அதுவே முதல் முறை. நம் நாட்டிலும் வழி திறந்தது. ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இந்தியாவிலேயே தயாரான ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கொண்டுவந்த பிறகுதான், இறக்குமதி விலையில் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டிய ஊசி சாதாரண மக்களின் கைக்கு வந்தது. 2002 வாக்கில் சோதனை முறையில் தொடங்கிய அரசுத் திட்டம் 2011-ல் நாடு முழுமைக்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அதாவது இன்று கல்லூரியில் படிப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை பெறுகிறவர்களும், இந்த ஊசி போடாதவர்கள்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிறந்த அன்றே ஊசி போடுவதற்கு இதைவிட வசதியான இடம் இந்தியாவில் குறைவு. ஆனாலும் எங்கோ சறுக்குகிறது. என் உறவுக்காரப் பெண்ணின் குழந்தை ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வெள்ளிக்கிழமை இரவு பிறந்தது. தடுப்பூசி அட்டையைப் புரட்டினேன். பி.சி.ஜி., போலியோ, ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ஒரே கையெழுத்தில் திங்கள்கிழமைத் தேதி. "சனி, ஞாயிறு ஊசி போடுற சிஸ்டர் வரமாட்டாங்க சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. பி.சி.ஜி. மூன்று நாள் தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹெபடைடிஸ் பி ஊசிக்கு மூன்று நாள் என்பது, தாய்க்கு வைரஸ் இருந்தால், கதவைத் திருடன் நுழைந்த பிறகு பூட்டுவது. அரசு மருத்துவமனைகளில் சொல்லப்படும் காரணம் வேறு: பத்து டோஸ் குப்பியை ஒரே குழந்தைக்காக உடைத்தால் மீதி வீணாகும் என்ற தயக்கம். திறந்த ஹெபடைடிஸ் பி குப்பியை முறையான குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று அரசின் விதியே அனுமதிக்கிறது. விதி தெரியாததால் ஒரு குழந்தை ஊசி இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஊசி, குளிர்பதனப் பெட்டிக்குள் தடுப்பூசி அறையில் பூட்டியிருக்கக் கூடாது. பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பிரசவம் பார்க்கிற செவிலியருக்கே அதைப் போடும் பொறுப்பும் அதிகாரமும் வேண்டும்.

சி வைரஸின் கதையில் ஒரு நற்செய்தி இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து இருக்கிறது, முழுமையாகக் குணமாக்கும் மருந்து. சோஃபோஸ்புவிர் 2013-ல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று 2015-ல் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. அதை இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. பஞ்சாப் 2016-லேயே இதை மாநிலமெங்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. எகிப்தின் அனுபவம் இன்னும் பெரியது. அங்கே நத்தைவழிப் புழுநோயை ஒழிக்க 1960-கள் முதல் 80-கள் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒரு நோயை ஒழிக்கப் போன ஊசி, இன்னொரு நோயை நாடெங்கும் விதைத்துவிட்டது. உலகிலேயே அதிகமான சி வைரஸ் பாதிப்பு எகிப்துக்கு வந்தது அப்படித்தான். அந்த நாடே 2018-19-ல் ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பெரியவர்களைச் சோதித்து, வைரஸ் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தது. அங்கே சோதனைச் சீட்டோடு, சிகிச்சைக்குப் போக வேண்டிய இடமும் நாளும் கையில் கொடுக்கப்பட்டன.

ஊசி விஷயத்தில் நாமும் அஞ்ச வேண்டியவர்கள்தான். 2009-ல் குஜராத்தின் மோடாசாவில், ஒழுங்காகச் சுத்திகரிக்காத சிரிஞ்சுகளால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்தார்கள். "ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று மருத்துவரை நெருக்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சவரக் கடைக் கத்தி, திருவிழாவில் பச்சை குத்துகிற ஊசி, காது குத்தும் ஆசாரியின் கம்பி என எல்லாவற்றிலும் 'புதுசு போடுங்க' என்று கேட்க நாம் கூச்சப்படுகிறோம்.

மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கப்பட்டது. அதன்படி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பி, சி வைரஸ்களுக்குச் சோதனையும் வைரஸ் அளவுப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அண்ணன் கட்டி தெரிந்து அலைந்த 2019-ல் இந்தத் திட்டம் நடைமுறையில் இருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்திரிகைக்காரனான எனக்கே தெரியவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் இல்லை. ரத்த வங்கியோ, தனியார் லேபோ, வளைகுடா மெடிக்கல் நிலையமோ, யார் 'ரியாக்டிவ்' என்று சீட்டுக் கொடுத்தாலும், அந்தச் சீட்டின் அடியில் அருகிலுள்ள சிகிச்சை மையத்தின் பெயரைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று மாநில அரசு கட்டாயமாக்கலாம். சீட்டை வாங்கியவரைத் தனியே உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேச ஆள் வேண்டும்: இது எய்ட்ஸ் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, பிள்ளையைக் கொஞ்சலாம், கணவன் அல்லது மனைவியையும் கூடப் பிறந்தவர்களையும் அழைத்துவந்து சோதியுங்கள், வைரஸ் இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பேசாமல் விடுவதால்தான் சிலர் தாங்களாகவே மூன்று ஊசி போட்டுக்கொண்டு குணமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். ஏற்கெனவே வைரஸ் உள்ளவருக்கு அந்தத் தடுப்பூசியால் பயனில்லை. இன்னும் பலர் கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்று சீட்டை மறைத்துவிடுகிறார்கள். தொற்று உள்ளவரை வேலையிலிருந்து விலக்குகிற ஒவ்வொரு நிறுவனமும் இன்னும் பத்துச் சீட்டுகளை டிரங்குப் பெட்டிக்குள் அனுப்புகிறது.

அண்ணனின் சீட்டைப் பார்த்த பிறகு, எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சிலர் வர மறுத்தார்கள், அத்தை ஒருவர், "இல்லாத நோயைத் தேடி எதுக்குப்பா போகணும்?" என்று சண்டை போட்டார். அண்ணனின் பிள்ளைகளுக்கு வைரஸ் இல்லை; அன்றே முதல் ஊசி போட்டார்கள். உயிரோடிருக்கும் நான்கு உடன்பிறப்புகளில் இருவருக்கு இருந்தது. இளையவருக்கு வைரஸ் அளவு மிக அதிகம். மாத்திரை ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கும் போகிறார். மற்றவர் காரைக்குடியில் இருக்கும் அக்கா. அவருடைய மகள் 1996-ல் பிறந்தவள், தடுப்பூசி போடாதவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் இருந்தது. பெரியம்மா, அக்கா, அக்கா மகள். மூன்று தலைமுறையைக் கடந்து வந்த வைரஸ், நான்காவது தலைமுறையின் வாசலில் நின்றது.

ஏழாவது மாதம் முடியும் தறுவாயில் அந்தப் பெண்ணுக்கு டெனோஃபோவிர் கொடுத்தார்கள். பிரசவ வலி வந்து மருத்துவமனைக்குப் போனபோது, அவளுடைய கணவர் மருத்துவ ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற போகிற செவிலியரிடமெல்லாம் காட்டிக்கொண்டே நின்றாராம். குழந்தை பிறந்து தொப்புள்கொடி அறுத்த ஒரு மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். பிறகு 6, 10, 14 வாரங்களில் அட்டவணைப்படி ஊசிகள். ஒன்பது மாதம் முடிந்ததும் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தார்கள்.

அக்கா அன்று மாலை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அதே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. வரி. எதிரே, 'நான்-ரியாக்டிவ்'. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "இது நல்லதுதானேப்பா?" என்று கேட்டார். நல்லதுதான் என்றேன். அந்தச் சீட்டை லேமினேட் செய்து, பெரியம்மா படத்துக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார்.